மச்சினன் வாராரா?

போனை எடுத்த பெண் பேர் கேட்கவில்லை, எத்தனை பேர் என்று கேட்கவில்லை, ஆதார் கார்டு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணனுக்கு மச்சினன் உண்டுமாக்கா? கூட வாராரா?" என்றாள். சரண்யாதேவி பதில் சொல்வதற்குள் கார் முக்காணிப் பாலத்தில் ஏறியது, சிக்னல் போய்விட்டது. ரூம் விடுகிறவளுக்கு, வருகிறவனின் மச்சினனைப் பற்றி என்ன அக்கறை?

"யாரு?" பக்கத்தில் அவள் கணவன் செந்தில்முருகன் பாதித் தூக்கத்தில் கேட்டான்.

"அந்தக் கடற்கரை வீட்டுக்காரி. உங்க மச்சினன் வாராரான்னு கேக்கா."

"எனக்கு ஏது மச்சினன்? நீ ஒத்தப் பிள்ளையாச்சே." சிரித்துவிட்டு அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

சென்னை கொளத்தூரில் அவர்களுக்கு மளிகை மொத்தக் கடை. செந்தில் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள். மூட்டை எடை குறைந்து வந்தால், வழியில் ஈரம் காய்ந்திருக்கும் என்று அவனே லாரிக்காரனுக்குக் காரணம் எடுத்துக் கொடுப்பான். அவனை ஏமாற்றாத ஏஜெண்ட் இல்லை, ஏமாற்றிவிட்டுப் போகும்போது அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்காத ஏஜெண்டும் இல்லை. அவனைக் காப்பாற்றுவதுதான் கல்யாணமான நாளிலிருந்து சரண்யாவின் உத்தியோகம். சந்தேகப் பிராணி என்று வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். இந்த அப்பாவியை உலகம் தின்றுவிடாமல் வைத்திருப்பது அந்தச் சந்தேகம்தான் என்று அவளுக்குத் தெரியும், அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு இருவரும் மட்டும் கிளம்பிய முதல் பயணம் இது. திருச்செந்தூரில் தரிசனம் முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் தங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று திட்டம். எந்தப் பக்கம் தங்குவது என்பதில்தான் கிளம்பும்வரை இழுபறி. செந்திலுக்குக் கடல் வாசலில் இருக்க வேண்டும். அம்மா ஊரான ஆத்தூரில் ஆற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்தவன் அவன், கடலில் மூழ்கித் தன் கையால் ஒரு சங்காவது எடுத்துவிட வேண்டும் என்று பிள்ளைபோல் ஆசை. சரண்யா போனில் எல்லா ஏரியாவையும் அலசினாள். நல்லபடியாக எழுதியிருந்தவர்களை எல்லாம் ஓனரின் சொந்தக்காரர்கள் என்று தள்ளினாள். மோசமாக எழுதியிருந்தவர்களை எதிர் லாட்ஜ்காரர்கள் என்று தள்ளினாள். மிஞ்சியது, மாப்பிள்ளையூரணியைத் தாண்டி உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வீடு.

கார் ஓட்டிய இனிகோ இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் வந்தான். தூத்துக்குடிக்காரன், கண்ணாடியில் சின்ன மாதா படம் தொங்கவிட்டிருந்தான்.

"ஹார்பர் பக்கம் வேண்டாம் அண்ணாச்சி, ராத்திரி பூரா லாரிச் சத்தம். பீச் ரோட்டுல தங்குங்க. மாதா கோயிலு கிட்ட, கடலு கிட்ட. இல்லன்னா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்க சித்தப்பா மவன் லாட்ஜு வச்சிருக்கான், ஒரு வார்த்தை சொல்லுதேன்."

சரண்யா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வந்துவிட்டது கமிஷன்.

"நாங்க மாப்பிள்ளையூரணி தாண்டிப் பாத்திருக்கோம். சங்குவாடித் தெரு," என்றாள்.

இனிகோ கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். கார் மெதுவானது. "கூட அண்ணாச்சியோட மச்சினன் வந்திருந்தா அங்கன இருக்கலாம்க்கா," என்றான். "ரெண்டு பேருதான்னா வேண்டாம்." ஏன் என்று செந்தில் கேட்டதற்கு, அங்கன அப்படித்தான் அண்ணாச்சி என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

பரோட்டாக் கடையில் சாப்பிட இறங்கியபோது கல்லாவில் இருந்த பெரியவரும் அதையே சொன்னார். பீச் ரோடு, பீச் ரோடு. சரண்யாவுக்கு அதோடு உறுதியாகிவிட்டது. இதே ஊருக்கு மாதாமாதம் உப்பு கொள்முதலுக்கு வந்துபோன அவள் அப்பா ஒரு பாடம் வைத்திருந்தார். நாலு கடைக்காரன் சேர்ந்து ஒரு கடையைக் குறை சொன்னால், சரக்கு நன்றாக இருப்பது அங்கேதான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், பாடம் ஒருநாளும் பொய்த்ததில்லை.

"சங்குவாடித் தெருவுக்கே போங்க," என்றாள்.

மாப்பிள்ளையூரணி தாண்டியதும் தார் ரோடு மண்ணாகி, மண் வெள்ளையாகி, கார்ச் சக்கரத்துக்கடியில் சிப்பி நொறுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. மேற்கே உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன, கிழக்கே கடல் அலையே இல்லாமல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது, நடுவில் ஒற்றை வரிசையாகப் பழைய ஓட்டு வீடுகள், ஒன்றைத் தவிர எல்லாமே பூட்டியிருந்தன. இனிகோ பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினான். எண்ணாமல் பணம் வாங்குகிற டிரைவரை சரண்யா அதுவரை பார்த்ததில்லை.

சாவியோடு நின்றிருந்தவள் ஜெப்ஸி, போனில் பேசிய பெண். இளவயது, கழுத்தில் ஜெபமாலை, முகத்தில் குசினி அடுப்படியில் இருந்து அப்படியே எழுந்து வந்த வியர்வை. வீட்டைச் சுற்றிக் காட்டினாள். முன்னறை, படுக்கையறை, பின்கட்டு. பின்கட்டுக் கதவைத் திறந்தால் இருபதடியில் கடல். செந்தில் குழந்தைபோல் கை தட்டினான். அந்தப் பின்கட்டுச் சுவரில் இரும்பு வளையத்தில் தடிமனான கயிறு ஒன்று சுருட்டித் தொங்கியது. சங்குக்குள் சதை அழுகும்போது வருகிற வாசம் அதிலிருந்து வந்தது. காற்று துளியும் இல்லை. கயிற்றின் நுனி மட்டும் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் கடல்ல எறங்குவாகளா?" ஜெப்ஸி கேட்டாள்.

"அதுக்குத்தானம்மா வந்ததே!" என்றான் செந்தில்.

அவள் சரண்யாவைத் தனியாக முன்னறைக்கு அழைத்தாள். "அக்கா, தப்பா எடுக்காதீங்க. எங்க தாத்தாமாரு முத்துக் குளிச்ச காலத்துல இருந்து இங்கன ஒரு வழக்கம். கல்யாணம் ஆனவன் கடல்ல முங்குனா, பொண்டாட்டி கூடப் பொறந்தவன் மேல இருந்து கயிறு பிடிக்கணும். அக்கா தாலிய அவன் விட்டுக்குடுக்க மாட்டான்லா. வேற யாரும் பிடிக்கக் கூடாது. கூடப் பொறந்தவன் இல்லாதவுக இந்தப் பக்கம் தண்ணியில காலே வைக்க மாட்டாக. ஒங்களுக்குத் தம்பி, அண்ணன் யாரும் வாராங்களா?"

சரண்யா அவள் முகத்தையே பார்த்தாள். சுற்றிலும் பூட்டிய வீடுகள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள் இல்லை. வந்திருப்பது நகை போட்ட பெண்ணும், யாரையும் நம்புகிற ஒரு ஆணும். வேறு ஆம்பிளை உண்டா என்று காலையிலிருந்து இவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். எதற்குக் கேட்பார்கள்? கதையா சொல்கிறாய் எனக்கு?

"வாரான்," என்றாள். "என் தம்பி. சாயங்காலம் வந்துருவான். போலீஸ்ல இருக்கான்."

"பேரு என்னக்கா?"

ஜன்னலுக்கு வெளியே, உப்பளத்து மண் சாலையில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஓனரின் பெயர் பெரிதாக இருந்தது. "மாடக்கண்ணு," என்றாள் சரண்யா.

"நெசமாத்தானக்கா?" ஜெப்ஸி நகரவில்லை. "இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நானே பீச் ரோட்டுல ரூம் பாத்துத் தாரேன். இல்லாத ஆள இங்கன வச்சு சொல்லக் கூடாதுக்கா."

மறுபடி பீச் ரோடு. இவளும் கூட்டு. "நெசமாத்தான்," என்று சாவியை வாங்கிக்கொண்டாள் சரண்யா.

ஜெப்ஸி சிலுவை போட்டுக்கொண்டு படி இறங்கினாள். அந்த வெயிலில், திரும்பிப் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் போனபிறகு கவனித்தால், பின்கட்டில் கயிற்றின் தட்டல் நின்றிருந்தது.

"போலீஸ் தம்பியா?" விஷயத்தைக் கேட்டு செந்தில் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்ஸ்பெக்டருன்னே சொல்லிருக்கலாமே ஏளா." மத்தியானம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனான். இன்றைக்கு வேண்டாம், கடலுக்கு நாளைக்குப் போகலாம் என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவள் விட்டாள்.

அவள் தூங்கவில்லை. ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தாள், நகைகளைக் கழற்றிப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் போட்டாள், பின்கட்டுக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். பிறகு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஓட்டின் மேல் வெயில் சொடுக்குகிற சத்தத்தையும், தூரத்தில் துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிற நீண்ட சத்தத்தையும், கணவனின் குறட்டையையும், இவற்றுக்கெல்லாம் அடியில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு சத்தத்தையும் கேட்டாள். யாரோ சிப்பி மேல் நடக்கிற சத்தம். நொறுங்கும், நிற்கும், மறுபடி நொறுங்கும். ரோட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. உற்றுக் கேட்டபோதுதான் புரிந்தது. சத்தம் கடல் பக்கமிருந்து வந்தது.

இந்தக் கரையில் பொழுது உப்பளத்துக்குப் பின்னால் இறங்கும், முதலில் இருட்டுவது கடல்தான். கடல் கறுத்து, வீட்டுக்குள் இன்னும் மஞ்சள் வெளிச்சம் மிச்சமிருந்த நேரத்தில், பின்கட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"அக்கா."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, கதவத் திற. நாந்தான்."

குரலில் ஒரு தயக்கமும் இல்லை. அலுத்துக் களைத்து வீட்டுக்கு வந்தவனின் குரல். சரண்யா செந்திலின் தோளை அழுத்தினாள், பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். அவன் கண்ணைத் திறந்தான், கேட்டான், முகம் மலர்ந்தது. எழுந்து போய் நாற்காலியை நகர்த்தித் தாழ்ப்பாளை நீக்கினான்.

"வாலே மாப்ள! எம்புட்டு நேரம்?"

வாசலில், இடுப்பில் கட்டம்போட்ட சாரமும் மேலே வெள்ளைச் சட்டையுமாக ஒரு இளைஞன். துணியில் ஈரம் இல்லை. காதோரத்தில் மட்டும் உப்புப் பூத்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. "பஸ்சு லேட்டு அத்தான்," என்று சிரித்தான். சிரித்தபோது முகவாய் ஒரு பக்கமாக இழுத்தது. அப்பாவுக்கு அப்படித்தான் இழுக்கும். கதவு நிலையைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் உட்பக்கமாக வளைந்திருந்தது. அப்பாவின் விரல், அவளுக்கும் அதே விரல்தான். சரண்யா தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கணவன் விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தாள். யாரையோ பிடித்துவந்து, போலீஸ் தம்பி என்று அவளைக் கேலி செய்கிறான். ஆனால் செந்திலின் கண்ணில் கேலி இல்லை. இவனை எத்தனையோ தீபாவளிக்குப் பார்த்தவன்போல் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்தான்.

"ஏங்க, யாரு இது?"

"என்னளா கேக்க? மாடக்கண்ணுதான்."

"எனக்குத் தம்பி கிடையாது. மத்தியானம் நீங்கதான சிரிச்சீங்க? எனக்குத் தம்பியே கிடையாதுங்க!"

அந்த இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். செந்தில் அவளை ஒரு ஓரமாக இழுத்து, குரலைத் தாழ்த்தினான். "கோவத்துல என்ன வேணாலும் சொல்லலாமா? கூடப் பொறந்தவன் சரண்யா. பாவம், மொகத்தப் பாரு." கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவன் அவ்வளவு வருத்தமாகப் பேசியதில்லை.

அவள் மூளை கடைக்காரி மூளை. அந்த நிலையிலும் கணக்குப் போட்டது. மாதாமாதம் உப்பு கொள்முதல். அப்பா இந்த ஊரில் இரண்டு நாள், மூன்று நாள் தங்குவார். எந்த ஏரியாவில் தங்கினார், யார் வீட்டில்? இந்த வயதில் ஒரு பிள்ளை. அதே விரல். சொத்துக்கு ஆள் தயாராகிவிட்டது, இனிகோ, பரோட்டாக் கடைக்காரர், ஜெப்ஸி எல்லாரும் அதில் கூட்டு, இந்த அப்பாவியை எப்படியோ மயக்கிவிட்டார்கள். கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் கொஞ்சம் குறைந்தது. போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைத்த முன்னறை ஜன்னலுக்குப் போனாள்.

"அம்மா, நேரடியாக் கேக்கேன். அப்பாவுக்குத் தூத்துக்குடியில வேற குடும்பம் இருந்துச்சா?"

"சீ, வாயக் கழுவு. என்ன பேச்சு இது?"

"இங்க ஒருத்தன் வந்து என் தம்பிங்கான்மா."

அம்மா சிரித்தாள். "தம்பின்னு சொல்லாம பெறகு என்னன்னு சொல்லுவான்? மாடக்கண்ணு வந்து சேந்துட்டானா? அவனுக்கு உப்புக் காத்து ஆகாதே. சாப்பிட்டானா ஏளா? போன அவன்கிட்ட குடு."

மாடக்கண்ணு.

அந்தப் பேரை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு லாரியின் முதுகில் படித்த பேர். மத்தியானம் வரை அந்தப் பேருக்கு ஆளே கிடையாது.

போன் கையிலிருந்து நழுவியது. அம்மாவின் குரல் தரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது, மாடா, மாடா, நல்லா இருக்கியாலே என்று.

வீட்டுக்குள் வேறு சத்தம் இல்லை.

"ஏங்க?"

படுக்கையறை காலி. பின்கட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. சுவரில் இரும்பு வளையம் மட்டும். வாசலில் செந்திலின் செருப்பு, பக்கத்தில் ஒழுங்காக மடித்து வைத்த அவன் சட்டை.

ஓடினாள். சிப்பி பாதத்தைக் கிழித்தது.

இடுப்பளவு தண்ணீரில் அந்த இளைஞன் முதுகு காட்டி நின்றிருந்தான். கையில் கயிறு. கயிறு நேராகக் கீழே போயிற்று. செந்தில் இல்லை.

"எங்க அவரு? எங்கலே அவரு?"

"முங்கியிருக்காருக்கா. எனக்காகக் காத்திருந்தாராம்." திரும்பாமல் பேசினான். "நீ ஏன் வந்த? பொம்பளையாளு இங்கன நிக்கக் கூடாது."

தண்ணீரில் இறங்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. சேலை காலைச் சுற்றியது. அவன் பக்கத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தாள். இறுக்கமாக இருந்தது. மறுமுனையில் கனம். உயிருள்ள கனம்.

கயிறு அசைந்தது. ஒரு இழுப்பு. பிறகு இன்னொன்று.

"கூப்பிடுதாரு. இழு!"

"இன்னும் நேரம் இருக்குக்கா."

மறுபடி. வேகமாக. வெட்டி வெட்டி இழுத்தது கயிறு. அவள் அவன் மணிக்கட்டை அடித்தாள், கடித்தாள். வாயில் உப்பு. அவன் அசையவில்லை. முகத்தோடு முகம் பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவைத் திறந்ததிலிருந்து அவள் பார்த்தும் பார்க்காமல் விட்டது. அவன் மூச்சு விடவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

"நான் பொய் சொன்னேன்," என்று கத்தினாள். "நீ இல்ல! எனக்கு யாரும் இல்ல! அவரு ஒருத்தருதான்! அவர விட்டுரு!"

"தெரியும்க்கா," என்றான் அவன், ஆறுதல் சொல்கிறவன்போல.

கயிற்றின் துடிப்பு குறைந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து ஒன்று. பிறகு இல்லை.

அப்போது அவன் கயிற்றை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். "இந்தா. இனி நீ பிடி." தண்ணீரை விட்டு ஏறிக் கரைக்குப் போனான்.

அவள் இழுத்தாள். கனமாக வந்தது. இரு கை விரித்த அளவாக ஒரு பாகம், இன்னொரு பாகம். தோள் இற்றுப்போனது, உள்ளங்கை உரிந்தது. செந்தில் வந்துவிடுவான். இதோ தலை தெரியும். இருட்டுக்குள் தண்ணீர் சுழித்தது, கயிறு வந்தது, அவன் வரவில்லை. தொலைவில் துறைமுகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. சுவரில் தொங்கிய கயிறு இவ்வளவு நீளமில்லை. இந்தக் கடலும் இந்த இடத்தில் அவ்வளவு ஆழமில்லை.

பின்னால் கரையில் அந்த இளைஞன் ஈரக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். "இழுக்கா. அத்தான் வாராரு."

விட்டுவிடலாம் என்று ஒருமுறை நினைத்தாள். இது பொய், இதிலும் கூட்டு, கீழே இருப்பது அவனில்லை. விரல்களைத் தளர்த்தினாள்.

கயிறு அசைந்தது.

மெதுவாக. இரண்டு தடவை. செந்தில் அசைப்பதுபோல, அவள் எப்படியும் இழுத்துவிடுவாள் என்று நம்புகிறவன் அசைப்பதுபோல.

அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள். இழுத்தாள். கரையில் சுருள் ஓட்டு வீட்டின் கூரை உயரத்துக்கு எழுந்துவிட்டது. கிழக்கு வெளுத்தது. கழுத்தளவுக்கு ஏறிவிட்ட தண்ணீரில் நின்று அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். கயிறு வந்துகொண்டிருந்தது. அதன் மறுமுனையில் அவன் இன்னும் அசைத்துக்கொண்டிருந்தான்.